கற்சிலுவையைத் தேடி

கேள்வி: யாழ்ப்பாணத்துக் கிராமக் கோவில் வளவுகளில் இடைக்காலக் கற்சிலுவையைப் பார்க்க முடியுமா?

பதில்: அதற்கு நீங்கள் அநுராதபுரத்துக்குத்தான் போகவேண்டும். 1912இல் அங்கே நடந்த அகழ்வில் கிடைத்த உடைந்த கருங்கல் தூண் ஒன்றில் சிலுவை செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் அடியிலிருந்து இருபுறமும் இலைகள் விரிகின்றன. பாரசீகக் கிறிஸ்தவ மரபின் சிலுவை இது. இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்ததை 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதிவைத்திருக்கிறார். சென்னை பரங்கிமலைக் கோவிலிலும் இதே மரபுக் கற்சிலுவை உண்டு. அதைச் சுற்றிப் பழைய பாரசீக எழுத்தான பகலவி ஓடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கடல் கடந்த ஒரே வணிகப் பாதை கண்முன் விரியும்.

யாழ்ப்பாணத்தின் கதை பிந்தியது. 1619இல் அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் ஊரூராகக் கோவில் கட்டினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அவற்றைத் தங்கள் சீர்திருத்த சபைக்கு எடுத்துக்கொண்டு கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளார் சில்லாலையில் மறைந்திருந்து திருப்பலி நடத்தினார்.

சில்லாலைக்குப் பக்கத்திலேயே சங்கானை. அங்குள்ள பழைய தேவாலயத்தின் முருகைக்கல் சுவர்களை அவசியம் பாருங்கள். கருங்கல் இல்லாத மண்ணில், கடல் தந்த கல்லால் எழுந்த சுவர்கள் அவை. கூரை போய்விட்டது, மரவேர்கள் கல்லைப் பிளக்கின்றன. அநுராதபுரச் சிலுவை அரும்பொருளகத்தில் பத்திரமாக இருக்கிறது. இந்தச் சுவர்களுக்கும் அந்தக் காவல் வேண்டும். அதுவும் உடனே வேண்டும்.