வீடு மாறினோம், அபராதம் வந்தது: இணைய ஒப்பந்தத்தைப் படிக்கும் பாடம்

போன மாதம் படிப்பு வட்டத்தில் வாடகை ஒப்பந்தம் பற்றிப் பேசினோம். கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து, "அக்கா, வீடு மாறுனதுக்கு இன்டர்நெட் கம்பெனிக்காரன் ஐந்நூறு வெள்ளி கேக்குறான், கட்டித்தான் ஆகணுமா?" என்று கேட்டார். அதே கேள்வியோடு இரண்டு வருடத்துக்கு முன்பு நானே அலைந்திருக்கிறேன். அதனால் இந்த மாதப் பாடம் அதுதான். நான் வழக்கறிஞர் இல்லை. அலைந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் கிள்ளானிலிருந்து பந்திங் பக்கம் ஒரு புதிய தாமானுக்கு மாறியது. கிள்ளான் வீட்டில் 24 மாத ஒப்பந்தத்தில் இணையம் போட்டிருந்தோம், மாதம் 129 ரிங்கிட். அதில் 17 மாதம் முடிந்திருந்தது. புதிய வீட்டுக்கு அந்த நிறுவனத்தின் ஃபைபர் கம்பி இன்னும் வரவில்லை. சரி, நிறுத்திவிடுவோம் என்று நான் போன் செய்து நிறுத்தினேன். அடுத்த பில்லில் மீதி ஏழு மாதத்துக்கும் சேர்த்து 903 ரிங்கிட், "முன்கூட்டியே நிறுத்தியதற்கான கட்டணம்" என்று ஒரு வரி. அந்த மாதச் சந்தாவோடு மொத்தம் 1,032. அதைவிட மோசம், அம்மாவின் டெபிட் கார்டில் ஆட்டோ டெபிட் போட்டிருந்தோம். பில் கையில் கிடைப்பதற்குள் பணம் போய்விட்டது. அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். அது தம்பியின் போலிடெக்னிக் பதிவுக்காக எடுத்து வைத்திருந்த காசு.

முதல் பாடம் இங்கேயே இருக்கிறது. இணையத்தை நிறுத்துவதற்கு முன்பு ஆட்டோ டெபிட்டை ரத்து செய்யுங்கள். கடைசி பில்லை நீங்களே பார்த்துக் கட்டுங்கள். கைவிட்டுப் போன பணத்தைத் திரும்பக் கேட்பது, இன்னும் கொடுக்காத பணத்தை மறுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

இரண்டாவது தவறும் என்னுடையதுதான், அதுதான் பெரியது. போனில் "சேவையை நிறுத்துங்கள்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "சேவையைப் புது முகவரிக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. நிறுத்தச் சொன்னால், ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள். மாற்றிக் கேட்டு, "உங்கள் இடத்தில் எங்களுக்கு வசதி இல்லை" என்று அவர்கள் பதில் சொன்னால், சேவையைத் தர முடியாதவர்கள் அவர்கள். சில நிறுவனங்களின் விதிமுறையிலேயே, புது இடத்தில் வசதி இல்லையென்றால் கட்டணம் கிடையாது அல்லது குறையும் என்று எழுதியிருப்பார்கள். சிலர் எதுவானாலும் கட்டத்தான் வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். எதுவாக இருந்தாலும், முதலில் இடமாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். முடியாது என்ற பதிலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகுதான் நிறுத்தம்.

எனக்கு அதிர்ஷ்டம், நிறுத்துவதற்கு மூன்று நாள் முன்பு அதே நிறுவனத்தின் விற்பனை முகவரிடம் புது முகவரியைக் கொடுத்து வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். "சாரி சிஸ், போர்ட் இல்லை" என்று பதில் போட்டிருந்தார். போனை மாற்றியபோது அந்த உரையாடல் அழியாமல் இருந்தது முருகன் புண்ணியம்.

இனி ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது. நம் வீடுகளில் பில் அப்பா அல்லது அம்மா பெயரில் இருக்கும். ஆனால் வாசலுக்கு வந்த முகவரின் டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டது நாம்தான். யாரும் படித்திருக்க மாட்டோம். சண்டைக்குப் போவதற்கு முன்பு கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தரவைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். கணக்கு யார் பெயரிலோ அவர் பெயரில்தான் கடிதம் போக வேண்டும். அம்மா பெயரில் இருக்கும் கணக்குக்கு நான் புகார் கொடுத்தபோது முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

படிவம் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒப்பந்தம் எந்தத் தேதியில் தொடங்கியது? இடையில் வேகத்தைக் கூட்டியிருந்தால், திட்டத்தை மாற்றியிருந்தால், 24 மாதம் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கலாம். அப்படித் தொடங்கும் என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னார்களா என்பதே தனிக் கேள்வி. அடுத்தது, முன்கூட்டியே நிறுத்தினால் எவ்வளவு என்று படிவத்திலேயே இருக்கிறதா, அல்லது "விதிமுறைகளுக்கு உட்பட்டது" என்று மட்டும் போட்டிருக்கிறதா? மூன்றாவது, இலவசமாக என்ன கொடுத்தார்கள்? எங்கள் படிவத்தில் பொருத்தும் கூலி 200 ரிங்கிட், ரூட்டர் 280 ரிங்கிட், இரண்டும் தள்ளுபடி என்று இருந்தது. இந்த வரிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

எப்படி என்றால், கணக்கு இப்படி. 24 மாதம் இருப்போம் என்ற நம்பிக்கையில் நிறுவனம் 480 ரிங்கிட்டைத் தள்ளுபடி செய்தது. மாதத்துக்குப் பிரித்தால் 20 ரிங்கிட். நாங்கள் இல்லாமல் போன ஏழு மாதத்துக்கு 140. அதாவது எங்களால் அவர்களுக்கு நேர்ந்த நஷ்டம் என்று நியாயமாகச் சொல்லக்கூடியது 140 ரிங்கிட். ஏழு மாதம் இணையமே தராமல் ஏழு மாதச் சந்தாவையும் வாங்கிக்கொள்வது வேறு. ரூட்டரைக்கூட நாங்கள் கடையில் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கியிருந்தோம்.

இது வெறும் வாய்ப் பேச்சு இல்லை. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தொகை எழுதியிருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடு. அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. 1995-இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு கிளினிக் விற்பனை வழக்கில், நஷ்டம் எவ்வளவு என்று கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. சட்ட மாணவர்கள் அதைச் செல்வகுமார் வழக்கு என்பார்கள். 2018-இல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் நிலையை மாற்றியது. இப்போது எல்லா வழக்கிலும் நஷ்டத்தை நிரூபிக்கத் தேவையில்லை. அந்த விதி ஒரு நியாயமான நலனைக் காக்கிறதா, தொகை அதற்குப் பொருத்தமான அளவில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு இப்போது நம் பக்கம். ஆகவேதான் படிவத்தையும் கணக்கையும் நாமே தயாரித்துக்கொண்டு போக வேண்டும். "அநியாயம்ங்க" என்று மட்டும் சொன்னால் போதாது.

நிறுவனம் ஒரு பதில் சொல்லலாம்: இது ஒப்பந்த மீறலுக்கான தண்டம் இல்லை, விலகிக்கொள்ளும் வசதிக்கான விலை என்று. அந்த வாதத்துக்கும் ஓரளவு இடமுண்டு. அதற்கு எதிராக 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2010-இல் அதில் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றி ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறியதா, இரண்டு தரப்பின் பேரம் பேசும் பலம் எப்படி இருந்தது என்பதையெல்லாம் அது கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

இங்கே படிப்பு வட்டத்தில் வந்த கேள்வி ஒன்றைச் சொல்ல வேண்டும். "கட்டாம விட்டுட்டு நம்பரை மாத்திட்டா என்னக்கா?" சிரிப்பு எழுந்தது, ஆனால் பாதிப் பேர் அதைத்தான் நினைத்திருந்தார்கள். இரண்டு காரணத்துக்காக வேண்டாம் என்கிறேன். ஒன்று, கட்டாத தொலைத்தொடர்பு பாக்கி சிடிஓஎஸ் போன்ற தனியார் கடன் அறிக்கை நிறுவனங்களில் பதிவாகலாம். அது பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் இல்லை, வங்கிக் கடன்களைக் காட்டுவதுதான் சிசிஆர்ஐஎஸ். ஆனாலும் நாளைக்குக் கார் லோன் கேட்கும்போது வங்கி இரண்டையும் பார்க்கும். அதுவும் பெயர் கெடப்போவது அம்மாவுடையது, உங்களுடையது இல்லை. இன்னொன்று, பட்ட கடன் பட்ட கடன்தான். பயன்படுத்திய மாதத்துக்கு உரியதைக் கட்டுங்கள். ஒப்புக்கொள்ளாத தொகையை மட்டும் தனியாகப் பிரித்து, "இந்த 903 ரிங்கிட்டை நான் மறுக்கிறேன், காரணம் இது" என்று எழுதுங்கள். ஓடி ஒளிபவனுக்கும் நின்று கேட்பவனுக்கும் வித்தியாசம் அந்தக் கடிதம்தான்.

கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கணக்கு எண், ஒப்பந்தம் தொடங்கிய தேதி, இடமாற்றம் கேட்ட தேதி, வந்த பதில், நம் கணக்கு, நாம் தரத் தயாராக இருக்கும் தொகை, பதில் எதிர்பார்க்கும் தேதி. கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு எழுதுங்கள். நான் முதலில் எழுதிய கடிதத்தில் மூன்று ஆச்சரியக்குறிகள் இருந்தன. அதற்கு யாரும் பதில் போடவில்லை. போனில் பேசினால் புகார் எண்ணைக் கேட்டு, பேசிய நேரத்தோடு குறித்து வையுங்கள்.

எங்கள் விஷயத்தில் இரண்டு வாரம் கழித்து ஒருவர் அழைத்து, "நல்லெண்ணத்துக்காக" 450 ரிங்கிட்டாகக் குறைக்கிறோம் என்றார். அம்மா வாங்கிக்கொள்ளலாம் என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த 450 எப்படி வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பாதியாக வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "எழுத்தில் அனுப்புங்க சார், பார்க்கிறோம்" என்றேன். அனுப்பவில்லை.

நிறுவனத்திடம் முதலில் புகார் கொடுத்து, தீராமல் போனால் அடுத்த படி மலேசியத் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம், சுருக்கமாக சிஎஃப்எம். 2001-இல் அமைந்தது. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அந்தச் சட்டத்தை நடத்தும் ஆணையம் எம்சிஎம்சி. இரண்டிலும் இணையம் வழி புகார் கொடுக்கலாம், செலவில்லை. சேவை நிறுவனங்களுக்கான பொதுப் பயனீட்டாளர் நெறிமுறையும் உண்டு. முன்கூட்டியே நிறுத்தினால் என்ன கட்டணம் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. உங்கள் படிவத்தில் தொகை இல்லையென்றால் முதலில் இதைப் பிடியுங்கள்.

அதற்கும் மேலே பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம். 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், பொதுவாக வழக்கறிஞர் கிடையாது. நாங்கள் அங்கே போகவில்லை. தேவைப்படவில்லை.

சிஎஃப்எம் புகாரோடு படிவம், வாட்ஸ்அப் படம், ரூட்டர் ரசீது, 140 ரிங்கிட் கணக்கு, எல்லாவற்றையும் இணைத்தோம். அதன் பிறகு நிறுவனத்திலிருந்து வேறு ஒருவர் அழைத்தார். இந்த முறை தமிழில் பேசினார், கணக்கைக் கேட்டார், "சரிம்மா, 140-க்கு ஒத்துக்கிறோம்" என்றார். மீதி 763 ரிங்கிட் அம்மாவின் கணக்கில் விழ இன்னும் இரண்டு மாதம் ஆனது. தம்பியின் பதிவுக்கு மாமாவிடம்தான் கைமாற்று வாங்கினோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டு இணைய பில் ஒன்றையும், கிடைத்தால் கையெழுத்திட்ட படிவத்தையும் கொண்டு வாருங்கள். கணக்கு எண்ணையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துவிடுங்கள். ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது, இன்று நிறுத்தினால் எவ்வளவு கேட்பார்கள், தள்ளுபடி எவ்வளவு என்று ஒவ்வொருவரும் கண்டுபிடிக்க வேண்டும். கால்குலேட்டர் பயன்படுத்தலாம்.