ஆட்டம் முடிந்ததும் நீரில் இறங்கலாமா?

ஆடிக் களைத்த உடல் தண்ணீரைத் தேடுவது இயல்பு. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கால்பந்து ஆடி முடித்த இளைஞர்கள் பம்புசெட்டுத் தொட்டியிலோ, வயற்கிணற்றிலோ, கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் கோமுகி ஆற்றிலோ இறங்கிக் களைப்பாறுவதுண்டு. மேலைநாட்டுத் தொழில்முறைக் குழுக்கள் பனிக்கட்டி இட்ட தொட்டிகளில் இதனையே செய்கின்றன. இதனால் காயம் வராமல் தடுக்கலாம் என்பது எவ்வளவு உண்மை? ஆராய்வோம்.

நீர் செய்வது யாது?

வேகமான ஓட்டமும் திடீர் நிறுத்தமும் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குகின்றன. அவற்றால் எழும் வலி மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாட்களுக்குள் உச்சமடையும். நீர் இரு வழிகளில் உதவுகிறது. முதலாவது அழுத்தம். ஒரு மீட்டர் ஆழத்தில், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காலை அழுத்துகிறது. தேங்கிய நீர்மம் மேல்நோக்கி நகர இது துணைசெய்கிறது. இரண்டாவது குளிர்ச்சி. அது குருதிக் குழாய்களைச் சுருக்கி, வலி உணர்வையும் மட்டுப்படுத்துகிறது.

2012-இல் காக்ரேன் அமைப்பு, 366 பேர் பங்கேற்ற 17 சிறிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. வெறுமனே ஓய்ந்திருந்தவர்களைவிடக் குளிர்நீரில் அமிழ்ந்தவர்களுக்குத் தசைவலி குறைவாக இருந்தது. இத்தகைய சோதனைகளில் நீரின் வெப்பம் பெரும்பாலும் 10 முதல் 15 பாகை செல்சியசு. நம் சமவெளிக் கிணற்று நீரோ பொதுவாக 25 பாகைக்கு மேற்பட்டது. ஆகவே அழுத்தத்தின் பயன் நமக்குக் கிட்டும். குளிர்ச்சியின் பயன் அந்த அளவுக்குக் கிட்டாது.

வலி வேறு, காயம் வேறு

நீரில் அமிழ்வது காயத்தைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இங்கேதான் ஆபத்து இருக்கிறது. இரண்டு நாள் போட்டியில், முதல் நாளே தொடைத்தசை கிழிந்த ஆட்டக்காரர், நீரில் நின்று வலி மரத்ததும் குணமாயிற்று என்றெண்ணி மறுநாள் களமிறங்குகிறார். சிறு கிழிசல் பெருங்கிழிசலாகி, அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆட முடியாமற் போகலாம்.

தடுப்பது எது?

ஃபிபா அமைப்பின் துணையுடன் வகுக்கப்பட்ட '11 பிளஸ்' என்னும் பயிற்சிமுறைக்கு 20 நிமிடம் போதும். மென்னோட்டம், இடுப்பு, தொடைத் தசைகளுக்கான வலுப்பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சி ஆகியவை அதில் அடங்கும். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 வீராங்கனைகளிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சி செய்தவர்களுக்குக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

ஆட்டம் முடிந்ததும் சற்று நடந்து, தண்ணீர் அருந்தி, பின்னர் இடுப்பளவு நீரில் 10 நிமிடம் நிற்பதில் தவறில்லை. தனியே கிணற்றில் இறங்க வேண்டாம். மலையில் மழை பெய்யும்போது ஆற்றில் இறங்க வேண்டாம். சிராய்ப்பு இருப்பின் தேங்கிய நீரைத் தவிர்க்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி அவ்வழியே புகும். வீக்கம் கண்டாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! ஆட்டத்திற்குப்பின் நீருக்குத் தரும் நேரத்தை, ஆட்டத்திற்குமுன் பயிற்சிக்கும் தருவீர்களாக!