சம்பா பதிவுக்குக் கைகொடுக்கும் 'சாம்பா'

சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு நடக்கும் நாட்களில் திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒரு இ-சேவை மையத்தை நினைத்துப் பாருங்கள். அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தக நகல், ஆதார் நகல் என்று விவசாயிகள் வரிசையில் நிற்கிறார்கள். ஸ்கேனர் ஒரு கணினியில், விண்ணப்பம் ஏற்றுவது இன்னொரு கணினியில். நடுவில் ஓடுவது பென்டிரைவ். அதோடு வைரஸும் ஓடும். சாயங்காலம் யாரோ ஒருவரின் சட்டைப் பையில் அத்தனை பேர் ஆதார் நகலும் வீட்டுக்குப் போய்விடும்.

இதற்குப் பதிலாக மையத்துக்குள்ளேயே ஒரு பொதுக் கோப்புறை வைத்துக்கொள்ளலாம். அதை நடத்தும் இலவச மென்பொருளின் பெயர் 'சாம்பா'. நம்ம நெல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை! ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிஜல் 1991-ல் எழுதத் தொடங்கியது இது. விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். அந்த மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லைத் தேடிப் பிடித்து வைத்த பெயர்தான் சாம்பா.

லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்று போதும். சாம்பாவை நிறுவினால் 'எஸ்எம்பிடி' என்ற சேவை பின்னணியில் ஓடும். திரையில் ஒன்றும் தெரியாது. 445-ஆம் போர்ட்டில் யாராவது கூப்பிடுகிறார்களா என்று காத்திருக்கும், அவ்வளவுதான்.

விதிகள் எல்லாம் 'எஸ்எம்பி டாட் கான்ஃப்' என்ற ஒரே உரைக் கோப்பில் இருக்கின்றன. சதுர அடைப்புக்குறிக்குள் பகிர்வின் பெயர், 'பாத்' வரியில் கோப்புறை இருக்கும் இடம், 'ரீட் ஒன்லி' என்பதற்கு 'நோ'. கவனம் வேண்டியது 'கெஸ்ட் ஓகே' வரியில். கடவுச்சொல் தொல்லை வேண்டாமே என்று அங்கே 'யெஸ்' போட்டுவிட்டால், மையத்து வைஃபையில் சேர்ந்த எந்தக் கைபேசியும் ஆதார் நகல்களை எட்டிப் பார்க்க வழி பிறக்கும். அதனால் 'நோ' என்றே இருக்கட்டும். 'வேலிட் யூசர்ஸ்' வரியில் பணியாளர்களின் பயனர் பெயர்களை மட்டும் எழுதுங்கள்.

பலரும் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். லினக்ஸில் கணக்கு இருந்தால் மட்டும் போதாது. சாம்பாவுக்கென்று தனிக் கடவுச்சொல்லும் பதிய வேண்டும். அதுவும் செய்தாச்சு, கோப்புறை திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லையா? அந்தக் கோப்புறையில் எழுத லினக்ஸ் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வாசல் கதவு திறந்தாலும் அறைக் கதவு பூட்டியிருந்தால் உள்ளே போக முடியாதல்லவா?

மாற்றங்களைச் சேமித்ததும் 'டெஸ்ட்பார்ம்' கட்டளையை ஓட்டுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சொல்லிவிடும். பிறகு சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பழைய எஸ்எம்பி முதல் பதிப்பை மட்டும் திரும்ப இயக்க வேண்டாம். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த வான்னாக்ரை, விண்டோஸில் அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. சாம்பாவிலும் 2019-ல் வந்த 4.11 முதல் அது இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்தும் கோப்பைப் பார்க்கலாமே என்று ரௌட்டரில் 445-ஐ இணையத்துக்குத் திறந்துவிடவும் கூடாது.

பதிவு முடிந்து விவசாயியின் கையில் ரசீது போனதும், வேலை முடிந்த ஸ்கேன் நகல்களை அன்றன்றே அழித்துவிடுங்கள்.