காயல் கரிமீனைக் குளத்தில் வளர்த்தல்

நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாயும் நெய்யாறு பூவாறு அருகே கடலோடு கலக்கிறது. இத்தகைய உவர்நீர்ப் பகுதிகளுக்குரியது கரிமீன். தமிழ்நாட்டில் செத்தக்கெண்டை எனப்படுவதும் இதுவே. கேரள அரசு 2010-ஆம் ஆண்டில் இதனை மாநில மீனாக அறிவித்தது. பாறசாலை முதலிய எல்லைக் கிராமங்களில் குளம் உடையோர்க்கு ஊழியர்கள் எடுத்துரைக்கத்தக்கவை பின்வருமாறு.

காயலில் பிடித்த குஞ்சுகளை உடனே குளத்தில் விடுதல் கூடாது. கரிமீன் நன்னீரிலும் வாழவல்லதேனும், திடீர் மாற்றம் அதனை வாட்டும். ஆகவே கலத்து நீருடன் குளத்து நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குதல் வேண்டும். செதில் உதிர்ந்தவற்றை விலக்குக. புண்ணின் வழியே நோய் பற்றும்.

இயற்கையில் பாசியையும் மட்கிய பொருள்களையும் உண்ணும் இம்மீன், தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்த உணவையும் ஏற்கும்.

கரிமீன் இடும் முட்டைகள் மிகச் சிலவே. நீரில் மூழ்கிய கல், தேங்காய் மட்டை முதலியவற்றில் அவற்றை ஒட்டவைத்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து காக்கும். காவலிருக்கும் இணையைப் பிடித்தால் முட்டைகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஆதலின் ஆண்டுதோறும் குஞ்சுக்காகக் காயலை நாடுவதினும், குளத்திலேயே மட்டைகளை இட்டு இணைகளைப் பெருகச் செய்தல் நலம். அதனால் காயலின் செல்வமும் குறையாது.