பழைய விளையாட்டு புதிய திரையில் தெளிவது எப்படி?

ஜப்பானியப் புராணங்களில் சூரியன் ஒரு பெண் தெய்வம். அவள் பெயர் அமதெராசு. அவளை வெள்ளை ஓநாயாக உருவகித்து 2006-ஆம் ஆண்டில் ஒரு வீடியோ விளையாட்டு வெளிவந்தது. அதன் பெயர் 'ஓக்காமி'; ஜப்பானிய மொழியில் ஓநாய் என்று பொருள். எட்டுத் தலைப் பாம்பான ஒரோச்சியின் கொடுமையிலிருந்து நாட்டை மீட்க வேண்டும். ஓநாயை நடத்திச் செல்பவர், விளையாடும் நீங்கள்தான்.

இந்த ஓநாயின் பெரிய பலம் ஒரு தூரிகை. இருண்ட வானத்தில் ஒரு வட்டம் போட்டால் சூரியன் உதிக்கும். பட்ட மரத்தைச் சுற்றி வட்டமிட்டால் அது பூக்கும். எதிரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் வெட்டு விழும். இப்படிப் பதின்மூன்று வித்தைகள். திரை முழுவதும் மையால் தீட்டிய ஜப்பானிய ஓவியம் போலவே இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் இயற்கைக் காட்சிகளை நிழற்படம் போல் தத்ரூபமாகக் காட்டத்தான் திட்டமிட்டார்கள். அக்காலத்து விளையாட்டுப் பெட்டிக்கு அவ்வளவு சக்தி இல்லை. அதனால்தான் மை ஓவியத்துக்குத் திரும்பினார்கள். இல்லாமையிலிருந்து பிறந்த அழகு அது.

2012-லும் மீண்டும் 2017-லும் இந்த விளையாட்டு புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தது. மயிலாப்பூரில் என் அத்தை வீட்டுக் கூடத்தில், அத்தையின் பேரன் அதை ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி கேட்டான். "2006-ல் எடுத்த போட்டோவை இந்த டி.வி.யில் போட்டால் மங்கலாகத் தெரிகிறது. அதே வருஷத்து விளையாட்டு மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது, மாமா?"

நல்ல கேள்வி. முதலில் கணக்கைப் பார்ப்போம். பழைய தொலைக்காட்சித் திரையைக் கிடையாக 640, நெடுக்காக 480 படப்புள்ளிகள் என்று கொள்வோம். மொத்தம் 3,07,200. இன்றைய 'நான்கு கே' திரையில் 3840, 2160, மொத்தம் 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக 27 மடங்கு. அன்று ஒரு புள்ளி இருந்த இடத்தில் இன்று 27 புள்ளிகள் இருக்கின்றன. ஒன்று பழையது, மீதி 26 எங்கிருந்து வந்தன?

விடை வாசலில் இருக்கிறது. மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி வந்திருக்கிறீர்களா? ஒரு வீட்டு வாசலில் இரண்டு அடி அகலத்தில் ஒரு சிக்குக் கோலம். அதே கோலம், ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் நடக்கும் போட்டியில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக விரிகிறது. கோடு எங்காவது மங்கிற்றா? இல்லை. ஏனென்றால் கோலம் போடுகிறவர் மனத்தில் படத்தை வைத்திருக்கவில்லை. '15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை' என்ற கணக்கையும், எந்தப் புள்ளியை எப்படிச் சுற்ற வேண்டும் என்ற விதியையும் வைத்திருக்கிறார். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டினால் கோலம் பெரிதாகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்படுவதால் தெளிவு குறைவதில்லை.

வீடியோ விளையாட்டும் இப்படித்தான். ஓநாயின் படம் வட்டில் பதிவாகி இருப்பதில்லை. ஓநாயின் உடல் சிறுசிறு முக்கோணங்களால் ஆனது. அவற்றின் மூலைகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற எண்களே பதிவாகியிருக்கின்றன. விநாடிக்கு 30 முறை அந்த எண்களைப் படித்து, திரையில் எத்தனை புள்ளிகள் உண்டோ அத்தனைக்கும் கணிப்பொறி புதிதாக வரைகிறது. 26 புள்ளிகளும் அங்கே கணக்குப் போட்டுப் பெறப்படுகின்றன.

திரைப்படம் அப்படியல்ல. 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தைச் சீரமைத்து 2012-இல் மீண்டும் வெளியிட்டபோது சென்னைத் திரையரங்குகளில் கூட்டம் அலைமோதியது. ஆனால் படச்சுருளில் இருப்பது வரைந்து முடித்த படம். விநாடிக்கு 24 படங்கள் வீதம் மூன்று மணி நேரத்துக்கு 2,59,200 படங்கள். கீறலும் கறையும் படிந்த படங்களை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். சுருளில் பதியாத ஒன்றை எந்தக் கணக்காலும் வரவழைக்க முடியாது.

அப்படியானால் விளையாட்டைப் புதுப்பிப்பது சுலபமான வேலை என்று எண்ணிவிடாதீர்கள். தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஸ்டிக்கர் கோலம் விற்கிறார்கள் அல்லவா? வாங்கி ஒட்டினால் வேலை முடிந்தது. அதைப் பெரிதாக்க முடியுமா? இழுத்தால் கிழியும். விளையாட்டுக்குள்ளும் இத்தகைய ஒட்டுப்படங்கள் நிறைய. மரத்தின் பட்டை, கூரையின் ஓலை, காகிதத்தின் சொரசொரப்பு எல்லாம் முன்பே தீட்டி முக்கோணங்களின் மேல் ஒட்டப்பட்டவை. இவை மங்கும். ஆகவே ஓவியர்கள் உட்கார்ந்து திரும்பத் தீட்ட வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பன்னிரண்டு சிறு கோடுகளைச் சேர்த்து ஒரு வளையல் வரையுங்கள். மோதிர அளவில் அது வட்டம்தான். தட்டு அளவுக்குப் பெரிதாக்குங்கள், மூலைகள் துருத்தும். வாசல் கோலத்தை வீதிக்குக் கொண்டுபோனால் கோடுகளுக்கு இடையே வெற்றிடம் பல்லிளிக்கும். அதை வண்ணப் பொடியால் நிரப்பியாக வேண்டும். மங்கலான திரை மறைத்து வைத்திருந்த குறைகளைத் தெளிந்த திரை காட்டிக்கொடுத்துவிடுகிறது. விதியே மாற்ற இடம் கொடுக்காததும் உண்டு. 2017 பதிப்பிலும் 'ஓக்காமி' விநாடிக்கு 30 படங்கள்தான் காட்டுகிறது. ஓநாயின் ஓட்டமும் எதிரிகளின் அசைவும் அந்தத் தாளத்தோடு பின்னிக் கிடக்கின்றன.

கோலம் விதிகளால் ஆனது என்று நான் சொல்வது வெறும் உவமை அன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவியும் கணித அறிஞருமான ராணி சிரோமணி, பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கிய கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எழுவாய், பயனிலை என்று வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று அதில் காட்டினார்கள். சில குறிகள், அவற்றை எப்படி மாற்றி எழுதலாம் என்ற சில விதிகள், அவ்வளவுதான். விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிறியது, பெரியது, மேலும் பெரியது என்று ஒரே குடும்பத்துக் கோலங்கள் வந்துகொண்டே இருக்கும். நம் நாட்டில் கணிப்பொறியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவாக இருந்த காலம் அது. வெள்ளை ஓநாயின் நாட்டிலும் கோலத்தை விரும்பியவர்கள் உண்டு. யனாகிசாவா, நகாதா என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் கோல வடிவங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

விதி தொலைந்துபோனால் என்ன ஆகும்? 'ஓக்காமி'யை உருவாக்கிய குளோவர் ஸ்டூடியோ 2007-லேயே மூடப்பட்டது. ஆயினும் உரிமையாளரான கேப்காம் நிறுவனத்தால் மறுபதிப்பைக் கொண்டுவர முடிந்தது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2002-இல் வந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டை 2013-இல் புதுப்பிக்க முனைந்தபோது மூலக் கோப்புகளில் பெரும்பகுதி காணவில்லை. கடையில் விற்ற விளையாட்டையே பிரித்து ஆராய்ந்து, பலவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஆசிரியர் தொலைத்த கையெழுத்துப் பிரதியைத் தேடுவது போன்ற வேலை!

இந்தக் கஷ்டம் எனக்கு ஓரளவு தெரியும். அப்போது அத்தை கோட்டூர்புரத்தில் குடியிருந்தார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது, முப்பது ஆண்டுகளாக அவர் எழுதி வைத்திருந்த கோல நோட்டு நீரில் ஊறிப்போயிற்று. மை கரைந்து பக்கமெல்லாம் நீலம். நான் வருத்தப்பட்டேன், அத்தை கலங்கவில்லை. "புள்ளி எத்தனைன்னு தெரிஞ்சா போதும்டா, மத்தது கை போடும்" என்று புது நோட்டு வாங்கி வரச் சொன்னார். மூன்று மாதத்தில் ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்துவிட்டன.

ஒன்றைத் தவிர. அது அத்தையின் அம்மா போட்ட கோலம். 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை. நடு வரிசையில் 15. அதன் இரு புறமும் 14, 13 என்று குறைந்து 8 வரை. கூட்டினால் 169 புள்ளிகள் வருகின்றனவா என்று சரிபாருங்கள். புள்ளி நினைவிருக்கிறது, ஓரத்தில் கம்பி எப்படித் திரும்பும் என்பது மட்டும் மறந்துவிட்டது. ஒரு மார்கழியில் பேரனும் நானும் மூன்று விதமாகப் போட்டுக் காட்டினோம். மூன்றிலும் தொடங்கிய இடத்திலேயே கம்பி சரியாக வந்து சேர்ந்தது. அத்தை ஒவ்வொன்றையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது இல்லை" என்று காலால் அழித்துவிட்டார்.