புரவி என்னுஞ் சொல்

காரைக்குடியினின்றும் திருப்பத்தூர் நோக்கிச் செல்வார், ஊர்ப்புறத்து ஐயனார் கோயில்களில் மண்ணாற் செய்த குதிரைகள் வரிசையாக நிற்றலைக் காண்பர். அவற்றைக் கோயிலுக்குக் கொண்டு சேர்க்கும் விழாவை அவ்வூரார் 'குதிரை எடுப்பு' என்னார். 'புரவி எடுப்பு' என்றே வழங்குவர். ஏரும் வண்டியும் பற்றிப் பேசுங்கால் 'குதிரை' என்னும் அதே நா, ஐயனார் திருமுன் 'புரவி' என மாறுவது ஏன்? அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது ஆராய்வாம்.

நம் முன்னோர் குதிரைக்கு இட்ட பெயர் பல. ஓட்டத்தையும் நடையையும் குறித்த 'பரி' என்னுஞ் சொல் பின்னர் அவ்விலங்கிற்கே பெயராயிற்று. குதித்தல் என்னும் வினையோடு 'குதிரை'யை இயைத்துக் கூறுவர். இது கன்னடத்திற் 'குதுரெ' எனவும் மலையாளத்திற் 'குதிர' எனவும் வழங்கும். 'இவுளி' என்பதற்கோ பலூச்சிஸ்தானத்துப் பிராகூயி மொழியில் உறவு உண்டு. பரோ, எமனோ என்னும் இருவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்வுறவைக் காட்டுகின்றது.

இனிப் 'புரவி'க்கு வருவோம். புரத்தல் என்பது காத்தல், புரப்போன் புரவலன். ஊரைக் காக்கும் ஐயனார் ஏறிவருவது ஆதலின் புரவியாயிற்று என்று பொருள் கூறுதல் செவிக்கு இனிதே. ஆயினும் சங்க நூல்களிற் புரவி தேரிற் பூட்டப்படுகின்றது, போரிற் செலுத்தப்படுகின்றது, பட்டினப்பாலையிற் கடல்வழியாக வந்து இறங்குகின்றது. இவ்விடங்களிற் காவற்பொருள் தோன்றவில்லை. ஆகவே ஒலியொற்றுமை ஒன்றையே பற்றி வேர்ச்சொல்லைத் துணிதல் ஆய்வுநெறி ஆகாது. ஒரு சொல் எங்ஙனம் பிறந்தது என்பதினும், எங்ஙனம் வாழ்ந்தது என்பதே ஈண்டு நமக்குப் பெரிதும் பயன்படும்.

குதிரை இந்நாட்டிற்குப் பெரும்பாலும் கடல்கடந்து வந்த செல்வம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பெரும்பாலன ஆண்டு முடிவதற்குள் மடிந்தன என்றும் கூறுகின்றார். அரசர்க்கே அருமையாயிருந்த விலங்கை உழவன் எங்ஙனம் பெறுவான்? அவன் தன் தெய்வத்திற்கு மண்ணாற் குதிரை சமைத்தான். கோயில் மண்ணிற் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுப்பான். அவர் களிமண்ணொடு மணலும் வைக்கோலும் கலந்து பிசைந்து, காலும் உடலும் தலையும் கூட்டிச் சூளையிலிட்டுச் சுடுவார். விழாநாளில் ஊரார் அதனைத் தோளிற் சுமந்து செல்வர். எடுக்கும் புரவிகளுள் ஒன்றற்கு 'அரண்மனைப் புரவி' என்று பெயரிடும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. மன்னர் மறைந்தும் அவர்தம் பங்கு இச்சொல்லில் நிற்றல் காண்க.

நாம் 'புரவி'யைச் செய்யுளிற் படித்து, உரை பார்த்துப் பொருள் எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுகின்றோம். எழுத்தறியாத மூதாட்டியோ, "எம் பேரனுக்கு நோய் தீர்ந்தால் ஒரு புரவி எடுக்கின்றேன்" என்று நேர்ந்துகொள்கின்றாள். நமக்கு அஃது அருஞ்சொல், அவட்கு வாய்ச்சொல். சங்கப் புலவரின் சொல்லைக் காத்தவர் யார் என்பதை நாம் நடுநின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்காலத்திற் சில கோயில்களிற் சிமெந்துக் குதிரைகள் எழுகின்றன. ஒருமுறை கட்டினால் மறுமுறை எடுக்கவேண்டுவதில்லை. எடுப்பு நின்றால் வேளார் தொழில் குன்றும். தொழில் குன்றின் சொல்லும் அகராதிக்குள்ளே சென்று ஒடுங்கும். ஆதலின் மாணவ நண்பர்காள், அடுத்த விடுமுறையில் நும் ஊர் வேளார் தெருவிற்குச் செல்லுங்கள். மண்ணுக்கும் சூளைக்கும் புரவியின் ஒவ்வோர் உறுப்பிற்கும் அவர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். ஏட்டிலே பிழைத்த சொற்களைக் காக்கப் புலவர் உளர். நாவிலே பிழைத்த சொற்களைக் காக்க நாம் அல்லது யார் உளர்?