சீட் நகரவில்லையா? முதலில் காது கொடுங்கள்

ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "செகண்ட்ஹேண்டில் வாங்கிய பழைய ஹோண்டா அக்கார்டு வைத்திருக்கிறேன். டிரைவர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் வந்து நின்றுவிட்டது. சுவிட்சைப் பின்னால் தள்ளினால் 'உர்'ரென்று சத்தம் மட்டும் வருகிறது. சீட்டின் அடிப்பாகம் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?"

இருக்கிறது. சத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே நல்ல செய்தி.

பவர் சீட்டுக்குள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நடுவில் 12 வோல்ட் மோட்டார். அதன் சுழற்சியை இரண்டு பக்க ரெயிலுக்கும் கொண்டுபோகும் வளையும் கேபிள். ரெயில் முனையில் சின்னக் கியர்ப் பெட்டி, அது திருப்பும் நீள ஸ்க்ரூ. பல கார்களில் அமைப்பு இதுதான். சிலவற்றில் கேபிள் இல்லாமல் மோட்டாரே நேராகக் கியரைச் சுற்றும்.

சுவிட்சை அழுத்தினால் சத்தமே இல்லையென்றால் கரண்ட் பக்கம் பாருங்கள்: முதலில் ஃப்யூஸ், பிறகு சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர், கடைசியாக சுவிட்ச். ஃப்யூஸ் பெரும்பாலும் 20 அல்லது 30 ஆம்பியர் இருக்கும். போய்விட்டால் அதே அளவில்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறைப் பக்கமே போகாதீர்கள். கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தால் கார் எப்போதோ தண்ணீரில் நின்றிருக்கலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் துடைத்து மெருகேற்றப்பட்டு எங்கெங்கோ விலைபோயின.

உள்விளக்கு எரியும்போது சுவிட்சை அழுத்திப் பாருங்கள். சத்தமில்லாமல் விளக்கு மட்டும் மங்கினால், மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் ஏதோ இறுகிப் பிடித்திருக்கிறது. உடனே விரலை எடுத்துவிடுங்கள், மோட்டார் கருகிவிடும். இப்படிப் பிடித்துக்கொள்வதற்குப் பாதி நேரம் ரெயிலில் விழுந்த நாணயமோ சாத்தூர் காராச்சேவோதான் காரணம். 'டக் டக்'கென்று தட்டினால் கியரின் பல் தேய்ந்து தாவுகிறது. 'உர்'ரென்று தடையில்லாமல் சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சுழற்சிதான் ரெயிலுக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் கதை இதுதான்.

கை வைப்பதற்கு முன் ஒன்று. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அது சீட்டுக்குள்ளேயே இருக்கும். அதன் கனெக்டர் மஞ்சள் நிறம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டு, பிறகுதான் சீட்டுக்கு அடியில் கையை விட வேண்டும். அந்த மஞ்சள் வயரில் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர் எதையும் வைக்கக் கூடாது. பழைய ஹோண்டாக்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஆடியோ கோடு கேட்கும். அதை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சீட் நகரும், பாட்டு வராது.

இனி உங்களுக்கு இருக்கும் உண்மையான தலைவலி: சீட் முன்னால் நிற்பதால் பின்பக்க போல்ட்டுகள் தெரியும், முன்பக்க போல்ட்டுகள் மெத்தைக்கு அடியில் மறைந்திருக்கும். சீட்டைப் பின்னால் தள்ளாமல் கழற்ற முடியாது. அதற்கு, மோட்டாரிலிருந்து கேபிளைப் பிடுங்கி அதன் உள்கம்பியை கார்ட்லெஸ் டிரில்லில் கவ்வ விட்டு, மெதுவான வேகத்தில் சுற்றுங்கள். இடது ரெயில் கொஞ்சம், வலது ரெயில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. ஒரேயடியாக ஒரு பக்கம் சுற்றினால் சீட் கோணிக்கொண்டு இறுகிவிடும். டிரில்லுக்கும் நகரவில்லையென்றால் கியர்ப் பெட்டி போயிருக்கிறது. அதை இருந்த இடத்திலேயே அவிழ்த்து ஸ்க்ரூவைக் கையால் திருப்ப வேண்டும். அந்த வேலைக்குப் பழகிய மெக்கானிக் ஒருவர் கூட இருக்கட்டும்.

நகர்ந்துவிட்டால் கேபிளைப் பாருங்கள். உள்கம்பியின் சதுர முனை மோட்டார் குழிக்குள் எட்டாமல் நழுவுவது அடிக்கடி நடக்கும் கோளாறு. வெளியுறையைச் சில மில்லிமீட்டர் வெட்டினால் கம்பி அந்த அளவுக்கு நீண்டு குழியைப் பிடித்துக்கொள்ளும். செலவு ஒரு பிளேடுதான். சதுரம் மழுங்கி உருண்டையாகியிருந்தால் மட்டும் கேபிளை மாற்றுங்கள்.

கியர்தான் தேய்ந்தது என்றால் நீங்கள் இருக்கும் ஊர் அதற்குத் தோதானது. அச்சு மிஷின் கியர்களைக் கடைந்து பழகிய லேத் பட்டறைகள் உங்களுக்குப் பக்கத்திலேயே, சிவகாசியில் இருக்கின்றன. உடைந்த கியரை, உதிர்ந்த பல்லோடும், அதோடு சேர்ந்து ஓடும் புழுக்கியரோடும் கொண்டுபோய்க் கொடுங்கள். பித்தளையில் செய்து தரட்டுமா என்று கேட்பார்கள், நைலானிலேயே கேளுங்கள். சீட் எங்காவது சிக்கினால் மலிவான பாகம் முதலில் உடைந்து மோட்டாரைக் காப்பது நைலானில் கிடைக்கும் லாபம்.

திரும்ப மாட்டும்போது இரண்டு ரெயிலும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கேபிளைச் சேருங்கள். பழைய கிரீஸ் இந்த வெயிலில் மெழுகாக இறுகியிருக்கும். அதைத் துடைத்தெடுத்து, இரும்பில் வெள்ளை லித்தியம் கிரீஸும், நைலானில் சிலிகான் கிரீஸும் மெல்லியதாகப் பூசுங்கள். அள்ளி அப்பினால் கரிசல் புழுதியெல்லாம் அங்கே வந்து ஒட்டும்.

உங்கள் பகுதிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பட்டாசு ஆலைக்குப் போய்வரும் கார் என்றால் இந்த வேலையை ஆலை வளாகத்தில் செய்யவே வேண்டாம். சீட் மோட்டாரின் கார்பன் பிரஷில் பொறி பறப்பது சாதாரணம். உடையிலும் செருப்பிலும் ஒட்டி வந்த அலுமினியப் பொடி சீட்டுக்கு அடியில் சேர்ந்திருக்கலாம். வேக்வம் கிளீனர் போடாதீர்கள், அதன் மோட்டாரும் பொறி விடும். நன்றாக நனைந்த துணியால் துடைத்து, துணியைத் தண்ணீர் நிறைந்த வாளியில் போடுங்கள்.

ரெயிலை வெல்டிங் வைத்து ஒரே இடத்தில் நிறுத்திவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மோதலின்போது உங்களையும் பெல்ட்டையும் தாங்கும் பாகம் அது. அதில் வெல்டிங் வேண்டாம்.

ரெயிலே கெட்டுப்போயிருந்தால் சென்னை புதுப்பேட்டையில் பழைய சீட் தேடலாம். உங்கள் காரின் வருடமும் மாடலும் பொருந்துகிறதா, கனெக்டரின் பின் எண்ணிக்கை ஒன்றா என்று பாருங்கள். கடையிலேயே பேட்டரி கொடுத்து எல்லாப் பக்கமும் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்.